விளம்பரச் செயலாளர் அத்தை

ஜனவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். எல்லோரும் என்றால் நானும் சமையலறைக் குழாயும்தான். குழாய்க்கு மட்டும் லேசாக ஜலதோஷம், ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் உங்கள் லிப்ட் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேனே என்று பயந்துவிடாதீர்கள். போன் போட்டால் என் மகள் எடுக்கிறாள். எடுத்ததும் மாத்திரை சாப்பிட்டாயா, மாடிப்படி ஏறினாயா என்று விசாரணை தொடங்கிவிடுகிறது. உங்களோடு இரண்டு வார்த்தை பேச விடுகிறாளா? அதனால்தான் கடிதம். விஷயம் இப்போதைக்கு அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நம் வீட்டுக்கு எதிரே இருக்கும் சைக்கிள் பந்தய டிராக்கின் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சண்டை போடத்தான் போனேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கே ஒருவர் ஒலிபெருக்கியில் "ஹலோ, ஹலோ" என்கிறார், அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்தியவள் நான். கத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறதய்யா என்று சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன்.

போனால் மொத்தமே ஐந்து பேர். தலைவர் நம் பல் டாக்டர். மூலையில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு உங்கள் பழைய கூட்டாளி, எல்லோரும் செயின் என்று கூப்பிடுகிறார்களே, அவர். எல்லார் முகத்திலும் எண்ணெய் வழிகிறது. என்னவென்று கேட்டால், டிராக்கை யாரும் பயன்படுத்துவதில்லை என்று நகரசபை சொல்கிறதாம். ஜூன் மாதம் வாக்கெடுப்பு வைத்து, இடித்துத் தள்ளிவிட்டு, கார் நிறுத்தும் இடமாக மாற்றப்போகிறார்களாம்.

"அதுக்கு உக்காந்து மூக்கைச் சிந்தினா ஆச்சா? ஊருக்குச் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டிருப்பேன். பல் டாக்டர் காதைத் தேய்த்துக்கொண்டே, "அம்மா, விளம்பரச் செயலாளர் பதவி காலியா இருக்கு. உங்க குரலுக்கு மைக்கே வேண்டாம்" என்றார். மற்றவர்கள் அதற்குள் கையைத் தூக்கிவிட்டார்கள்.

மாப்பிள்ளை, எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. ரிட்டயர் ஆனதிலிருந்து காலையில் பால்காரரிடம் வாயைத் திறந்தால், அடுத்துத் திறக்கச் சாயங்காலம் ஆகிவிடுகிறது. அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வருஷக்கணக்காக அதில் சுற்றியவர். அப்படி என்னதான் இருக்கிறது அந்தச் சிமெண்டுக் கிண்ணத்தில்? எழுதுங்கள். ஊருக்குச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எனக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் அத்தை


ஜனவரி 20

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

கடிதத்தை என் கையில் தரும்போது எங்கள் மேற்பார்வையாளர், "மாமியார் லெட்டரா? கேஸ் ஏதும் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். லிப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் கீழே நின்றவர்கள் லிப்டில் ஏற மாட்டோம் என்று படியில் போய்விட்டார்கள்.

என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பேச வராது, எழுதிப் பார்க்கிறேன். பந்தய சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலை ஓய்வாக வைக்க முடியாது. நேர்ப்பகுதியில் ஓட்டிக்கொண்டே போய் வளைவுக்குள் நுழைந்தால் தரை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அந்தச் சாய்வில் வேகமாகப் போகிறவரைதான் சக்கரம் பிடிக்கும். முதல் தடவை பயத்தில் வேகத்தைக் குறைத்தேன், சறுக்கி விழுந்து முழங்கை தோலெல்லாம் உரிந்தது. அடுத்த தடவை குறைக்கவில்லை. சாய்வின் உச்சியிலிருந்து கீழே இறங்கும்போது வயிற்றில் ஒரு சிலிர்ப்பு வரும் பாருங்கள், அதை எழுதத் தெரியவில்லை. லிப்ட் கயிறு ஒரு நொடி தளர்ந்து பிடித்தால் வருமே, அது மாதிரி. ஆனால் சந்தோஷமாக.

என் யோசனை இது. வெளியூர்களிலிருந்து பெரிய வீரர்களைக் கூப்பிட்டு ஒரு பந்தயம் நடத்துங்கள். தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டுங்கள். அவர்கள் வேகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், ஜனங்கள் விடமாட்டார்கள். வீரர்களின் விலாசம் செயினிடம் இருக்கும்.

நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து உங்கள் மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கவனமாக இருக்கிறேன்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பந்தயம் நடந்தது. வீரர்கள் வந்தார்கள். அம்பு மாதிரிப் பறந்தார்கள், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பார்க்க வந்தவர்கள் யார் என்றால், வீரர்களின் அம்மாக்கள், பல் டாக்டரிடம் வைத்தியம் பாதியில் நிற்பதால் வராமல் இருக்க முடியாத சிலர், வாடகை நாற்காலிகள். நாற்காலிகள்தான் கடைசிவரை இருந்தன.

போஸ்டரில் குறையில்லை. பசை கையில் ஒட்டி, நானே ஒரு போஸ்டராகத் திரிந்தேன். பிறகு ஏன் யாரும் வரவில்லை? வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் விளங்காது என்று, பழைய தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் வேலை பார்த்த அதே பஸ்ஸில் ஏறினேன். இந்தத் தடவை டிக்கெட் வாங்கிக்கொண்டுதான். ஏறினவர் இறங்கினவர் எல்லோரிடமும் கேட்டேன்.

ரொட்டிக்கடைக்காரர் சொன்னார்: "அது தண்ணித் தொட்டின்னுல்ல நினைச்சேன்!" இத்தனை வருஷமாக அந்தச் சுவர் ஓரமாகத்தான் ரொட்டி கொண்டுபோகிறார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, "அது மெம்பருங்களுக்கு மட்டும்தானே? எங்களை எல்லாம் உள்ளே விடுவாங்களா?" என்றாள். சட்டை தைக்கும் ஆலையில் பொத்தான் வைக்கிற பெண் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளை எல்லோரும் பொத்தான் என்றே கூப்பிடுகிறார்கள். அவள்தான் என்னை மடக்கினாள். "கேட் எப்பவும் பூட்டியே கிடக்கு. பூட்டின கேட்டுக்கு எதுக்கும்மா போஸ்டர்?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. வாயடைக்கிற ஆளா நான்?

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். வாரத்தில் ஒரு சாயங்காலம் கேட்டைத் திறந்துவிடப் போகிறோம். யார் வேண்டுமானாலும், எந்தச் சைக்கிளில் வேண்டுமானாலும் வரலாம். கூடை வைத்தது, கேரியர் ஆடுவது, எதுவானாலும் சரி. பல் டாக்டர் சம்மதித்துவிட்டார். செயின்தான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முறைக்கிறார். நீங்கள் ஒரு வரி எழுதினால் கேட்பார். எழுதுவீர்கள்தானே?

உங்கள் அத்தை


பிப்ரவரி 24

அத்தைக்கு வணக்கம்.

செயினுக்கு என்னால் எழுத முடியாது. மன்னிக்க வேண்டும்.

அது பந்தய டிராக். பூங்கா இல்லை. கூடை வைத்த சைக்கிளில் ஒருவர் அந்தச் சாய்வில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், செயினுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. பிரேக் பிடிக்கிறவரும் பிரேக்கே இல்லாதவரும் ஒரே தளத்தில் போனால் எலும்பு முறியும். மழையிலும் வெயிலிலும் அந்தத் தளத்தை நாங்கள் மண்டி போட்டுக் கழுவியிருக்கிறோம். செருப்போடு நடக்கக்கூட விடமாட்டோம். அங்கே வேடிக்கைக் கூட்டம் சேர்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதைக் காப்பாற்ற இது ஒன்றுதான் வழி என்றால், மூடிவிடுவதே மேல். நீங்களும் அங்கே தனியாகக் கிடந்து அலைய வேண்டாம். இங்கே வந்துவிடுங்கள். உங்களுக்கு அறை தயாராக இருக்கிறது.

மாப்பிள்ளை


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம்.

பல் டாக்டரிடம் இருந்த மாற்றுச் சாவியால் கேட்டைத் திறந்தோம். செயின் கோபித்துக்கொண்டு வரவில்லை. நர்ஸ்கள் வந்தார்கள், ஆலைப் பெண்கள் வந்தார்கள், ரொட்டிக்கடைக்காரர் தண்ணீர் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வந்தார். பொத்தான் சாய்வில் ஏறினாள். நீங்கள் சொன்னபடியே சறுக்கி விழுந்தாள். முன்பல் உடைந்தது.

பல் உடைந்தாலும் பார்ப்பதற்கு ஆள் பக்கத்திலேயே இருந்தார். பல் டாக்டர் அன்றைக்கே கட்டிவிட்டார். அடுத்த வாரம் அவள் வரமாட்டாள், வந்தாலும் என்னோடு சண்டை பிடிக்கத்தான் வருவாள் என்று நினைத்தேன். முதல் ஆளாக வந்து நின்றாள். "புதுப் பல்லு நல்லாவே இருக்கு. இப்போ எப்படி விழாம ஏறுறதுன்னு சொல்லுங்க" என்றாள். சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஊரில் இல்லை.

அறை விஷயம். காலியாகக் கிடந்தால் உங்கள் ஸ்பேனர்களைப் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். நான் தனியாகக் கிடக்கவில்லை, இருக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

இப்படிக்கு,
விளம்பரச் செயலாளர்


மார்ச் 15

அன்புள்ள அத்தைக்கு,

"உங்கள் அத்தை" என்று நீங்கள் போடாததைப் பார்த்தபிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மூன்றாம் மாடிக்குப் போக வேண்டிய லிப்டை ஐந்தாம் மாடியில் நிறுத்திவிட்டேன், அங்கே ஒரு பெரியவர் என்னைத் திட்டினார். அவர் திட்டியதுகூட உங்கள் குரலாகவே கேட்டது.

'கிடப்பது' என்று எழுதியிருக்கக் கூடாது. அந்த வார்த்தையை எடுத்துவிட்டேன். அறை மட்டும் இருக்கட்டும்.

அந்தப் பெண் பல் உடைந்தும் திரும்பி வந்தாள் என்று படித்ததும் என் பயம் ஒருபக்கம் இருக்க, எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. முழங்கை உரிந்து மறுநாளே போய் நின்றவன் நான். அவளை உள்ளே விடக்கூடாது என்று சொல்ல நான் யார்?

அதனால் இதைச் செய்யுங்கள். சாய்வு தொடங்குவதற்கு முன்னால் உள்பக்கமாக ஒரு சமதளப் பட்டை ஓடும். அதற்கு நீல வர்ணம் அடியுங்கள். புதிதாக வருபவர்கள் நீலத்தை விட்டு வெளியே வரக்கூடாது. நீலத்தில் தடுமாறாமல் வேகம் எடுக்கிறவர்களைச் செயின் தனியாக அழைத்து, சங்கத்தின் பந்தய சைக்கிளைக் கொடுத்துச் சாய்வில் ஏற்றட்டும். சாதாரண சைக்கிள்களுக்கு ஒரு நேரம், பந்தய சைக்கிள்களுக்கு வேறு நேரம். கலக்கவே கூடாது. தரை ஈரமாக இருந்தால் யாருக்கும் கிடையாது, நகரசபைத் தலைவரே வந்தாலும்.

செயினுக்குத் தனியாக எழுதிவிட்டேன். சாவியைத் தருவார். கொஞ்சம் முனகுவார், அது அவருடைய சுபாவம். எண்ணெய் போட்டாலும் போகாது.

உங்கள் மாப்பிள்ளை என்று போட்டுக்கொள்ளலாம்தானே?


ஏப்ரல் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போட்டுக்கொள்ளலாம். நான் எப்போது கையெழுத்தை மாற்றினேன், ஏதோ அவசரத்தில் பதவியை எழுதிவிட்டேன்.

நீலம் அடித்தாயிற்று. செயின் தன் கையாலேயே அடித்தார், கோணாமல் ஒரே சீராக. யாராவது நீலத்தைத் தாண்டினால் விசில் ஊதுகிறார். ஊதுவதற்காகவே காத்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைக்கிறேன். மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியாது. அவரே நர்ஸ்களிடம், "முதுகைக் குனி தாயி, காத்து உன்னைப் பிடிச்சு இழுக்குது பாரு" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் டிப்போவின் டிரைவர், ஸ்டியரிங்கில் இடித்துக்கொள்ளும் வயிறு உள்ளவர், இப்போது நீலத்தைத் தாண்டிச் சாய்வுக்குப் போய்விட்டார். இறங்கி வந்து, "பஸ்ஸுல இந்த வளைவை எடுத்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார்.

ஜூன் முதல் ஞாயிறு ஊர்ப் பந்தயம் வைக்கிறோம். வெளியூர் வீரர் யாரும் வேண்டாம் என்று முடிவு. நர்ஸ்கள் ஓர் அணி, டிப்போ ஓர் அணி, ரொட்டிக்கடை ஓர் அணி, ஆலைப் பெண்கள் ஓர் அணி. ஒரு தடவைக்கு இரண்டு அணி, டிராக்கின் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி, நான்கு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக ஓட்ட வேண்டும். இதில் ஒரு விதியைச் செயின் சொன்னார், கேட்டு அசந்துபோனேன். முதலில் வருபவரின் நேரத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்களாமே! மூன்றாவதாக வருபவர் கோட்டைத் தொடும் நேரம்தான் அணியின் நேரமாம். ஒருத்தர் மட்டும் பறந்து என்ன பிரயோஜனம்? இந்த விதியை யார் போட்டார்களோ, நல்ல பஸ்ஸில் வந்தவராக இருக்க வேண்டும். பஸ்ஸிலும் கடைசி ஆள் படியில் கால் வைத்தபிறகுதான் நான் விசில் கொடுப்பேன்.

நகரசபையிலிருந்து ஒரு பொறியாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். குறிப்பு எடுத்துக்கொண்டார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாக்கெடுப்பு ஜூன் கடைசியில்.

ஊரெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது. வெந்நீர் குடிக்கிறேன். இதையும் மகளிடம் சொல்லாதீர்கள். நீங்கள் பந்தயத்துக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

உங்கள் அத்தை


மே 4

அன்புள்ள அத்தைக்கு,

குட்டு உடைந்துவிட்டது.

நான் வேலையாக மேலே இருந்தபோது எங்கள் மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போன் போட்டு, "உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க, மாமியார் லெட்டர் வந்திருக்கு, வழக்கம்போல" என்றிருக்கிறார். அந்த 'வழக்கம்போல' என்னைக் கவிழ்த்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் எல்லாக் கடிதங்களையும் எடுத்து மேசையில் வைக்கச் சொன்னாள். ஒரே மூச்சில் படித்தாள். சிரிப்பாள் என்று சில இடங்களில் முகத்தைப் பார்த்தேன், சிரிக்கவும் செய்தாள். முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா உங்களுக்கு எழுதுறதுல பாதிகூட எங்கிட்ட பேசினதில்லையே" என்றாள்.

நான் என்ன சொல்வது? "நீ பேச விட்டாத்தானே" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கும் அன்று பேச்சு இல்லை, சாப்பாடும் தாமதம்தான்.

அடுத்த நாள் அவள் உங்களுக்குப் போன் போட்டபோது பக்கத்து வீட்டு அம்மாள் எடுத்து, "உங்கம்மா பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார்களாமே? தொண்டை கட்டு என்று எனக்கு எழுதினீர்கள். உண்மையில் என்ன? இந்தக் கடிதத்தை அவள் பக்கத்தில் நின்றுகொண்டு எழுத வைக்கிறாள். ஒன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். வீட்டு விலாசத்துக்கே எழுதலாம்.

உங்கள் மாப்பிள்ளை


மே 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கும், பக்கத்தில் நின்று படிக்கும் என் மகளுக்கும்,

பயப்படும்படி ஒன்றும் இல்லை. குரல் நாணில் ஒரு சின்னக் கொப்புளம். வாழ்க்கை முழுக்கக் கத்தியதற்குக் கிடைத்த பென்ஷன். டாக்டர் கெட்டது எதுவும் இல்லை என்று குழாய் விட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனால் ஜூலை வரை ஒரு வார்த்தை பேசக்கூடாதாம், கிசுகிசுக்கக்கூட. அதை மீறினால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார். அதனால் மீறமாட்டேன், கண்ணு. சத்தியமாக.

ஆனால் என் நிலைமையைப் பாருங்கள். விளம்பரச் செயலாளருக்கு வாய் இல்லை! சிலேட்டும் சாக்பீஸும் வாங்கிக்கொண்டு திரிகிறேன். ரொட்டிக்கடைக்காரரிடம் ஒரு விஷயம் எழுதிக் காட்டுவதற்குள் அவர் மூன்று பேருக்கு வியாபாரம் செய்துவிடுகிறார். பந்தயத்தன்று பல் டாக்டர்தான் மைக் பிடிக்கப்போகிறார். ஒத்திகை பார்த்தேன். "ம்ம், இன்னும் கொஞ்சம், வலிக்காது" என்கிற மாதிரியே பேசுகிறார். கேட்கிறவர்களுக்குப் பல் கூசும்.

நீ அன்றைக்குக் கேட்டதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். உன்னோடு பேச எனக்கு விஷயம் இல்லாமல் இல்லை. நீ என் உடம்பைப் பற்றியே கேட்கும்போது, நானும் உடம்பைப் பற்றியே பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். என் உடம்பு அவ்வளவு சுவாரசியமான விஷயம் இல்லை, அம்மா. டிராக்கைப் பற்றிக் கேட்டுப் பார்.

பந்தயம் முடியாமல் நான் எங்கும் நகரமாட்டேன். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. பதில் பேசமாட்டேன், நல்ல சமயம்.

உன் அம்மா, உங்கள் அத்தை


ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

பந்தயம் முடிந்து நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். ரயிலில் உங்கள் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத் தொடை இரண்டும் மரக்கட்டை, எழுந்து தண்ணீர் குடிக்கவும் முடியவில்லை. நேரில் இருந்த மூன்று நாளில் உங்களிடம் சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன்.

டிப்போ அணியில் ஒருவருக்குத் திடீரென்று டியூட்டி போட்டுவிட்டார்கள் என்று நீங்கள் சிலேட்டில் எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டியபோது, நான் ஒரே நொடியில் சரி என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் ஒரு மிதப்பு. பழைய வீரன் வந்திருக்கிறான், ஊர் பார்க்கட்டும் என்று. துப்பாக்கி வெடித்ததும் முதல் ஆளாகப் பாய்ந்தேன். சாய்வில் ஏறி இறங்கியபோது வயிற்றில் அந்தச் சிலிர்ப்பு வந்தது. அப்படியே போய்க்கொண்டிருந்தேன். ஜனங்கள் கத்துகிறார்கள். எனக்குத்தான் என்று நினைத்தேன்.

செயின் ஓரத்தில் நின்று, "டேய், திரும்பிப் பாருடா! திரும்பிப் பாரு!" என்று அலறினார். பார்த்தால் பின்னால் யாருமே இல்லை. பாதி டிராக் தள்ளி டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார், அவருக்குப் பின்னால் மெக்கானிக், அதற்கும் பின்னால் டிப்போவின் டைம்கீப்பர். நான் எவ்வளவு வேகமாகப் போனாலும் எங்கள் நேரம் அந்த மெக்கானிக்கின் சக்கரத்தில் இருக்கிறது. வேகத்தைக் குறைத்தேன். சாய்வை விட்டுக் கீழே இறங்கி, அவர்கள் வரும்வரை காத்து, முன்னால் நின்று காற்றை மறைத்தேன். "வா அண்ணே, என் சக்கரத்தையே பாரு" என்று சொல்லிக்கொண்டே போனேன். டிரைவர், "நான் சக்கரத்தைப் பாக்கலை தம்பி, சாமியைப் பாத்துட்டு இருக்கேன்" என்றார்.

அதற்குள் எதிர்ப்பக்கம் ஆலைப் பெண்கள் நான்கு பேரும் ஒரு நூலில் கோத்த மாதிரிப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் பொத்தான். களைத்ததும் விலகி மேலே போய், பின்னால் வந்து ஒட்டிக்கொண்டாள். அதை எனக்குச் செயின் கற்றுக்கொடுக்க ஒரு வருஷம் ஆயிற்று. எங்களை நன்றாகவே தோற்கடித்துவிட்டார்கள். நான் எத்தனையோ பந்தயத்தில் ஜெயித்திருக்கிறேன் அத்தை, இந்தத் தோல்வியைத்தான் ரயில் முழுக்க மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்னொன்று. பல் டாக்டரிடமிருந்து உங்கள் மகள் மைக்கைப் பிடுங்கினாளே. நான் அவளோடு இத்தனை வருஷம் வாழ்ந்தும் அந்தக் குரலைக் கேட்டதில்லை. "ரொட்டிக்கடை, விடாதே! நர்ஸம்மா பின்னாலேயே வர்றாங்க, ஊசியோட வர்றாங்க!" என்று அவள் கத்தியதும் சுவருக்கு வெளியே நின்றவர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். சிலேட்டில் ஒன்றும் எழுதாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஏன் என்று நான் அப்போது கேட்கவில்லை, இப்போதும் கேட்கமாட்டேன்.

அவள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். தன் பங்குக்கு இரண்டு வரி எழுத வேண்டுமாம். இடம் விடுகிறேன்.

*அம்மா, எனக்கும் தொண்டை கட்டிவிட்டது. இவர் பயந்துபோய் வெந்நீர் வைத்துக்கொண்டே இருக்கிறார். வாக்கெடுப்பு முடிந்ததும் என்ன ஆயிற்று என்று உடனே எழுது. உடம்பைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.*

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் மகளுக்கும்,

வாக்கெடுப்பு நேற்று. சபை மண்டபத்தில் உட்கார இடமில்லை. நர்ஸ்கள் யூனிபார்மோடு, ஆலைப் பெண்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, செயின் சலவைச் சட்டையில். அவரை அந்தச் சட்டையில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. நான் சிலேட்டோடு ஓரமாக நின்றேன்.

கார் நிறுத்தும் இடம் வேண்டும் என்ற உறுப்பினர் கெட்ட மனுஷர் இல்லை. கடைத்தெருவில் நெரிசல், வண்டி நிறுத்த இடமில்லை என்று பொறுமையாகத்தான் சொன்னார். பொறியாளர் எழுந்து தான் பார்த்ததைப் பார்த்தபடி வாசித்தார், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. உறுப்பினர் விடவில்லை. "சரிங்க, இவ்வளவு கூட்டம் வாரா வாரம் வருதுன்னே வெச்சுக்குவோம். இவங்க எல்லாரும் வண்டியை எங்கே நிறுத்துவாங்க? அதுக்கு முதல்ல இடம் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

பின்வரிசையிலிருந்து பொத்தான் எழுந்தாள். "ஐயா, நாங்க சைக்கிள்லதானே வர்றோம்" என்றாள்.

நகரசபைத் தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த உறுப்பினரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். கை தூக்கச் சொன்னபோது அவர் மட்டும் எதிர்த்துத் தூக்கினார், அதுவும் பாதிதான் உயர்ந்தது. வெளியே இருக்கும் காலிமனையில் கொஞ்சம் கார்களுக்கு ஒதுக்குகிறார்கள். டிராக் நம்முடையது. பல் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், பல்லைப் பிடுங்கிக்கொண்டவர் அழுவது போல இருந்தது. நானும் சத்தமில்லாமல் அழுதேன். தொண்டை டாக்டர் அதைத் தடுக்கவில்லை.

அறை விஷயமாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். குரல் சரியானதும் ஆகஸ்டில் ஒரு மாதம் வந்து இருக்கிறேன். ஒரு மாதம்தான், மகளே, கணக்கில் தகராறு வேண்டாம். நானில்லாமல் இங்கே என்ன நடக்குமோ என்ற கவலை நேற்றுவரை இருந்தது. இன்று சாயங்காலம் போயிற்று. எப்படி என்று சொல்கிறேன்.

நேற்றைய களைப்பில் மதியம் தூங்கிவிட்டு, நேரம் கழித்துத்தான் டிராக்குக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்சம் மூச்சு வாங்கினேன். உள்ளே சக்கரங்கள் சுற்றுகிற சத்தம், செயினுடைய விசில், யாரோ யாரையோ கேலி செய்து சிரிக்கிற சத்தம். கேட்டருகே ஒரு புது ஆள், வாடகை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவருக்கும் என்னைத் தெரியவில்லை. நான் தயங்கி நிற்பதாக நினைத்துக்கொண்டார் போல. பக்கத்தில் வந்து மெதுவாக, "ஏன்ம்மா வெளியே நிக்கிறீங்க? யார் வேணும்னாலும் வரலாம். கூச்சப்படாதீங்க, நானே போன வாரந்தான் வந்தேன். உள்ளே வாங்க" என்றார்.

நான்தான் பேசக்கூடாதே. தலையை ஆட்டிவிட்டு, அவர் பின்னாலேயே உள்ளே போனேன்.

உங்கள் அத்தை, உன் அம்மா